மங்கலான அட்டை, தப்பான ஸ்பெல்லிங்

2004-ல் என் ஹாஸ்டல் அறைத்தோழன் எங்கிருந்தோ ஒரு எம்பி3 சிடி வாங்கி வந்தான். மேலே மார்க்கர் பேனாவால் ‘பிங்க் ஃப்ளாய்ட் ஃபுல்’ என்று கிறுக்கியிருந்தது. பிங்க் ஃப்ளாய்ட், பிரிட்டிஷ் ராக் இசைக்குழு. உள்ளே ஆல்பத்துக்கு ஒரு ஃபோல்டர். ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’, ‘விஷ் யூ வேர் ஹியர்’, ‘தி வால்’ மூன்றையும் தேயத் தேயக் கேட்டோம். ஒருநாள் வேறு வேலையில்லாமல் ‘அப்ஸ்க்யூர்ட் பை க்ளவுட்ஸ்’ ஃபோல்டரைத் திறந்தேன். இதை ஏற்றியவன் தூக்கக் கலக்கத்தில் ஏற்றியிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அட்டைப் படம் ஒரே மங்கல். ஒளிப்பொட்டுகள், நடுவில் ஏதோ நிழல். ஸ்கேன் சொதப்பல் என்று நினைத்தேன். ஒரு பாட்டின் பெயர் ‘வாட்ஸ்... அ த டீல்?’, அதில் ‘வாட்’டுக்கே எழுத்து தப்பு, What இருக்க வேண்டிய இடத்தில் Wot. இன்னொன்று ‘ஃப்ரீ ஃபோர்’. ‘த்ரீ ஃபோர்’ என்று அடிக்கத் தெரியாத ஆள். கடைசிப் பாட்டான ‘அப்சல்யூட்லி கர்ட்டன்ஸ்’ பாதியில் இசை அடங்கி, யாரோ ஒரு கூட்டம் புரியாத மொழியில் பாட ஆரம்பிக்கிறது. வேறு ஃபைல் கலந்துவிட்டது, சந்தேகமே இல்லை.

நான் கொஞ்சம் சுத்தக்காரன். ‘ஃப்ரீ’யை ‘த்ரீ’ ஆக்கினேன். அந்தக் கூட்டத்தின் பாட்டை ஒரு இலவச மென்பொருளை வைத்து வெட்டி எறிந்தேன். ‘சரிசெய்த’ ஃபோல்டரை அறைத்தோழனுக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

எல்லாம் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது என்று தெரிய எனக்கு ஏழெட்டு வருஷம் பிடித்தது.

இது அவர்களுடைய ஏழாவது ஆல்பம், 1972 ஜூனில் வந்தது. ஊர் உலகம் பிங்க் ஃப்ளாய்டுக்குக் கணக்கு எழுத ஆரம்பிப்பது எட்டாவதிலிருந்து. அடுத்த மார்ச்சில் ‘டார்க் சைட்’ வந்ததும் இதைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. வந்த புதிதில் விற்பனைப் பட்டியலில் பிரிட்டனில் 6-ம் இடம், அமெரிக்காவில் 46. தோல்வி என்றும் சொல்ல முடியாது. மறந்துபோனார்கள், அவ்வளவுதான்.

இது பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1972 ஜனவரியிலேயே ‘டார்க் சைட்’ பாட்டுகளை மேடையில் வாசித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ தியேட்டரில் நான்கு இரவு. அது முடிந்த கையோடு, பெரிய வேலையை அப்படியே வைத்துவிட்டு, பாரிசுக்கு வடமேற்கே ஷாத்தோ தெரூவில் என்ற பழைய மாளிகைக்குக் கிளம்பினார்கள். மிஷெல் மாஞ் என்ற திரை இசையமைப்பாளர் அதை ஸ்டுடியோவாக மாற்றி வைத்திருந்தார். பாடகர் எல்டன் ஜான் ‘ஹாங்க்கி ஷாத்தோ’ ஆல்பத்தைப் பதிவு செய்ததும் அங்கேதான், அதே ஜனவரியில். பிங்க் ஃப்ளாய்டுக்கு அங்கே வேலை, பார்பே ஷ்ரோடர் இயக்கிய ‘லா வாலே’ படத்துக்கு இசை. பிப்ரவரியில் ஒரு வாரம், இடையில் ஜப்பான் கச்சேரிகள், திரும்பி வந்து மார்ச்சில் ஐந்து நாள். மொத்தம் இரண்டு வாரம்கூடத் தேறாது.

எடிட்டிங் முழுசாக முடியாத படத்தைப் பார்த்து, ஸ்டாப்வாட்சில் காட்சியின் நேரம் குறித்துக்கொண்டு வாசித்தோம் என்று டிரம்ஸ் வாசித்த நிக் மேசன் எழுதியிருக்கிறார். நம் ஊரில் ரீ-ரெக்கார்டிங் என்கிறோமே, அதேதான். குறும்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் ஒலி சேர்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் இதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. ‘காலைல ஃபைனல் மிக்ஸ் கைக்கு வரணும் தலைவா’ என்று ஒருவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது எவனும் தத்துவம் யோசிக்க மாட்டான். கைக்கு என்ன வருமோ அது வரும். இந்த ஆல்பத்தின் அழகே அதுதான் என்பது என் கட்சி. ‘டார்க் சைட்’டில் ஒவ்வொரு நொடியும் யோசித்து இழைத்தது. இதில் நான்கு பேருக்கும் இயல்பாக என்ன வந்ததோ அது இருக்கிறது.

முதல் பாட்டைக் கேளுங்கள். விசிஎஸ்3 என்ற அந்தக் காலத்து சிந்தசைசர் சுருதிப்பெட்டி மாதிரி ஒரே ஸ்வரத்தில் ரீங்கரிக்கிறது. அதன் மேல் மேசனின் தட்டல், பிறகு டேவிட் கில்மோரின் கிதார் கனமாக வந்து உட்கார்கிறது. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். நீட்டவில்லை, காட்சி அவ்வளவுதான் போலிருக்கிறது. ‘பர்னிங் பிரிட்ஜஸ்’ஸில் வரும் மெட்டு இரண்டு பாட்டு தள்ளி ‘மட்மென்’னில் தாளம் மாறி, வார்த்தையில்லாமல் திரும்ப வருகிறது. பாடலின் மெட்டையே பின்னணிக்கும் போட்டு வேலையை முடிப்பது நம் இசையமைப்பாளர்கள் காலம்காலமாகச் செய்வது. இந்த இரண்டில் எனக்கு ‘மட்மென்’தான் பிடிக்கும்.

‘தி கோல்ட் இட்ஸ் இன் தி...’ என்று ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். தாண்டிப் போய்விடுங்கள்.

‘சைல்ட்ஹுட்ஸ் எண்ட்’ கில்மோரே எழுதிப் பாடியது. இதற்கப்புறம் 1987 வரை அவர் இந்தக் குழுவுக்காக வரிகள் எழுதவில்லை. தூரத்திலிருந்து ஊர்ந்து வரும் ஓசை, பிறகு கடிகாரம் போல ஒரு தட்டல், அதன் மேல் அந்தக் குரல். அடுத்த வருஷம் ‘டார்க் சைட்’டின் ‘டைம்’ பாட்டில் கேட்கப்போவது இங்கேயே தலைகாட்டுகிறது. ஒத்திகை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு இதில் இருக்கும் முரட்டுத்தனம் ‘டைம்’மில் கிடைப்பதில்லை.

நான் அவமானப்படுத்திய ‘ஃப்ரீ ஃபோர்’ பற்றி. பாட்டின் தொடக்கத்தில் ‘ஒன், டூ, ஃப்ரீ, ஃபோர்’ என்று எண்ணுகிறார்கள். லண்டன் தெருப்பேச்சில் ‘த்ரீ’ அப்படித்தான் ஒலிக்கும். பெயர் அந்த எண்ணிக்கையிலிருந்து வந்த கிண்டல். கைதட்டல், குதிக்கும் தாளம், அடியில் உறுமும் சிந்தசைசர், கல்யாண வீட்டு உற்சாகம். வரிகளோ கிழவனின் நினைவு, சாவு, நடுவில் அமெரிக்க டூர், அப்புறம் பதுங்குகுழியில் புதைந்த ஒருவரின் மகன். எழுதியவர் குழுவில் பேஸ் கிதார் வாசித்த ராஜர் வாட்டர்ஸ். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் அன்சியோவில் அவருடைய அப்பா போரில் இறந்தபோது அவர் ஐந்து மாதக் குழந்தை. பின்னால் ‘தி வால்’ முழுக்க விரியப்போகும் துக்கத்தை இங்கே கால்மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல், நாலே கால் நிமிஷத்தில், சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறார். நான் வியாசர்பாடியில் வளர்ந்தவன். சாவு வீட்டில் விடிய விடிய மரண கானா கேட்டிருக்கிறேன். துக்கத்தைக் குத்துத் தாளத்தில் பாடலாமா என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘தி வால்’லை விட இந்தப் பாட்டில்தான் வாட்டர்ஸை நம்புகிறேன்.

‘வாட்ஸ்... அ த டீல்?’ பற்றி நிறைய எழுத ஆசை, எழுத வரவில்லை. ஒரு அக்கூஸ்டிக் கிதார், ரிச்சர்ட் ரைட்டின் பியானோ, குளிரில் வெளியே நிற்பவன் கதவு தட்டுவது போன்ற குரல். 2006-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கில்மோர் இதை வாசித்த வீடியோ இருக்கிறது. பியானோவில் நரைத்த தலையுடன் ரைட். அதற்கு இரண்டு வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அந்த பியானோ இடம் வரும்போது நான் வேறெதையும் பார்ப்பதில்லை.

படத்தை ரொம்பத் தாமதமாகத்தான் பார்த்தேன். தூதரக அதிகாரி ஒருவரின் மனைவியாக புல் ஓஜியே, அபூர்வப் பறவையின் இறகு தேடி பப்புவா நியூ கினி காட்டுக்குள் போய், வரைபடத்தில் மேகம் மறைத்ததால் வெள்ளையாக விடப்பட்ட ஒரு பள்ளத்தாக்கைத் தேடும் கும்பலோடு சேர்ந்துவிடுகிறார். ஆல்பத்தின் பெயர் அந்த வெள்ளைத் திட்டிலிருந்து வந்தது. படக் கம்பெனியோடு மனஸ்தாபம் வந்ததால் ‘லா வாலே’ என்று வைக்காமல் இப்படி வைத்தார்கள். கடைசியில் படமே அடைப்புக்குறிக்குள் ஆல்பத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டது. மங்கலான அட்டை, மரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் ஸ்டில், வேண்டுமென்றே ஃபோகஸ் கலைத்தது. ஹிப்னாசிஸ் என்ற வடிவமைப்புக் குழுவின் வேலை. நான் வெட்டி எறிந்த கூட்டம், அந்த மலைகளில் வாழும் மபுகா மக்கள்.

போன மாதம் அறைத்தோழனிடம் பேசும்போது இதைச் சொன்னேன். அவன் இன்னும் என் பழைய ஃபோல்டரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறானாம், ‘த்ரீ ஃபோர்’ உட்பட. வெட்கமாகப் போய்விட்டது. முழு ஆல்பத்தையும் அனுப்பி, ஒரே மூச்சில் கேள் என்றேன். மறுநாள் ராத்திரி அவனிடமிருந்து ஃபோன்.

“டேய், சூப்பர்டா. ஆனா கடைசிப் பாட்டுல வேற ஏதோ ஃபைல் கலந்திருக்கு, பாத்தியா?”