ஸ்பைஸ் இருக்கா?

எங்கப்பா கான்வென்ட் இங்கிலீஷ், டாக்டர் படிப்பு, போதாததுக்கு பிபிசி ரேடியோ கேட்டே வளந்த மனுஷன். 1982ல வேலை கெடச்சு எங்களக் கூட்டிட்டுப் போனது இங்கிலாந்துல யார்க்‌ஷயர்ல பார்ன்ஸ்லிங்கற ஊருக்கு, சுத்தி எங்க பாத்தாலும் நிலக்கரிச் சுரங்கம். மொத நாள் பஸ்ல ஏறினா, தாடியும் மீசையுமா மலை மாதிரி உக்காந்திருந்த டிரைவர் சில்லறையக் குடுத்துட்டு அப்பாகிட்ட "தேர் யூ ஆர், லவ்"ங்கறாரு. அப்பா வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வாயத் தெறக்கல. அங்க ஆம்பளைக்கு ஆம்பளையே லவ்தான், கோயம்புத்தூர் பக்கம் கண்ணுன்னு சொல்ற மாதிரி, அது புரியவே ஒரு மாசம் ஆச்சு.

பேஷன்ட்டுங்க அதுக்கு மேல. ஒரு பெரியவர் வந்து "ஐம் ஸ்டார்வ்ட், டாக்டர்"னாராம், அப்பா பதறிப்போய் கடைசியா எப்ப சாப்பிட்டீங்கன்னு கேட்டிருக்காரு, அவர் இப்பத்தான் சாப்ட்டேன்னு முழிக்கிறாரு. ஸ்டார்வ்டுன்னா அங்க குளுருல வெறச்சுப் போறதாம்! இன்னொருத்தர் வீட்டுக்குப் போனப்ப, படுத்த படுக்கையில இருந்த தாத்தா "புட் வுட் இன் தோல்"ன்னிருக்காரு. ஓட்டைல கட்டைய வையின்னா, கணப்பு அணையப் போகுது போலன்னு அப்பா வெறகத் தேடியிருக்காரு. சுரங்கத்துக்காரங்க வீட்ல ஏது வெறகு, கம்பெனி குடுக்குற கரிதான் குவிஞ்சு கெடக்கும். கடைசில தாத்தாவே எந்திரிச்சு வந்து கதவச் சாத்திட்டுப் போய்ப் படுத்தாராம். கதவு கட்டை, வாசல் ஓட்டை, அவ்ளோதான் விஷயம்.

எனக்கு ஆறு வயசு, ஸ்கூல்ல ரெண்டே வாரத்துல எல்லாம் ஒட்டிக்கிச்சு. மத்த இங்கிலீஷ்காரங்க எப்பவோ தொலைச்சுட்ட 'தௌ'வ இவங்க 'தா', 'தீ'ன்னு பத்திரமா வச்சிருந்தாங்க, அப்படியே நம்ம 'நீ'. பக்கத்துல ஷெஃபீல்ட்காரங்க அதையே டீ, டான்னு சொல்வாங்கன்னு அவங்களுக்கு 'டீ-டா'ன்னே பட்டப்பேர். நானும் ஒரு நாள் ஜம்பமா பக்கத்து வீட்டுத் தாத்தாவ, ரிட்டயர் ஆன சுரங்கத்துக்காரர், 'தா'ன்னு கூப்ட்டேன். "டோன்ட் தீ தா மீ"ன்னு ஒரு அதட்டல் போட்டாரு பாருங்க. அதாவது பெரியவங்கள நீ வா போன்னா பேசுவன்னு அர்த்தம். அம்மாகிட்ட அழுதுட்டே போய்ச் சொன்னா, அம்மா முகத்துல அந்த ஊருக்கு வந்து மொத தடவ ஒரு திருப்தி. "நல்லாக் கேட்டாரு, நம்மாளுடா அவரு"ங்கறாங்க.

அந்த நம்மாளோட பேரன்தான் ஒரு நாள் என்கூட வெளையாட வந்துட்டு அம்மாகிட்ட "ஹேஸ் தா காட் எனி ஸ்பைஸ்?"னு கேட்டான் (அவனும் 'தா'தான், தாத்தா அப்ப பக்கத்துல இல்ல). அம்மாவுக்குப் புல்லரிச்சுப் போச்சு. உப்புச் சப்பில்லாத ஊர்ல ஒரு வெள்ளக்காரப் புள்ள ஸ்பைஸ் கேக்குதேன்னு அஞ்சறைப்பெட்டியக் கொண்டாந்து அவன் முன்னாடி தெறந்து வச்சு, கடுகு, சீரகம், வெந்தயம்னு ஒண்ணொண்ணா காட்டிட்டிருக்காங்க. பார்ன்ஸ்லில ஸ்பைஸ்னா மிட்டாய். அது எனக்குத் தெரியும், ஆனா என்ன ஆகுதுன்னு பாப்போம்னு சும்மா இருந்துட்டேன், இப்பவும் பெருசா வருத்தமெல்லாம் இல்ல.

அங்க பசங்க ஷெர்பட்னு ஒரு புளிப்புப் பொடி வாங்கி வெரல நக்கி நக்கித் தொட்டுத் திம்பாங்க. அவன் பெட்டிய ஒரு சுத்து பாத்தான், நல்லா செவப்பா இருந்த கிண்ணத்தத் தேர்ந்தெடுத்தான், வெரல நக்கினான், ரெண்டாவது கணு வரைக்கும் உள்ள விட்டு எடுத்து வாயில வச்சான். குண்டூர் மொளகா, அம்மாவே இடிச்சது. ஒரு நிமிஷம் ஒண்ணும் ஆகல. அப்புறம் ஒரு சத்தம்.

பாலு, சக்கர, தண்ணின்னு அம்மா ஓட, பேரனோட கத்தலக் கேட்டு தாத்தா வந்து நிக்கிறாரு. இன்னிக்கு சண்டதான்னு அம்மா நடுங்குறாங்க. அவர் பையனப் பாத்தாரு, பெட்டியப் பாத்தாரு, அவன் செவந்த வெரலப் பாத்தாரு. "வெல், ஐல் கோ டு ஃபுட் ஆஃப் அவர் ஸ்டேர்ஸ்!"னு சொல்லி வயித்தப் புடிச்சுட்டுச் சிரிக்கிறாரு. அந்த ஊர்ல ஆச்சரியம்னா அப்படித்தான் சொல்வாங்க, மாடிப்படி அடிக்குப் போறேன்னு, நம்ம 'அடி ஆத்தாடி' மாதிரி.

அம்மாவுக்கு அதுல புரிஞ்சது ஸ்டேர்ஸ் மட்டும்தான். மாடிப்படில கெடந்த செருப்பு, என் ஸ்கூல் பை, துவைக்கப் போட்ட துணி எல்லாத்தையும் அவசர அவசரமா அள்ளி ஓரமா வச்சுட்டு, தாத்தாவப் பாத்து ரொம்ப மரியாதையா "ப்ளீஸ், கோ"ன்னாங்க.