பாஸ்போர்ட் வழக்கைத் தேடி பேங்க் வழக்கில் போய் நின்ற கதை

சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கும்போது சென்னையில் ஒரு மூட் கோர்ட் போட்டி, அதாவது மாணவர்கள் வாதாடும் மாதிரி நீதிமன்றம். வாதம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காரணம் சொல்லாமல் ஒருவரின் பாஸ்போர்ட்டை முடக்க முடியாது என்பதற்கு மேனகா காந்தி வழக்கைச் சொன்னேன். நீதிபதியாக உட்கார்ந்திருந்த வழக்கறிஞர் எங்கள் மெமோரியலை, அதாவது எழுத்து வாதத்தைப் புரட்டினார், லேப்டாப்பில் ஏதோ தட்டினார், அப்புறம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "கவுன்சல், நீங்க குடுத்த இடத்துல பாஸ்போர்ட் இல்லையே, பேங்க்தானே இருக்கு?"

மேனகா காந்தி எதிர் இந்திய ஒன்றியம் இருப்பது (1978) 1 எஸ்.சி.சி. 248. எஸ்.சி.சி. என்பது சுப்ரீம் கோர்ட் கேசஸ் என்ற தீர்ப்புத் தொகுப்பு. நாங்கள் அடித்திருந்தது (1970) 1 எஸ்.சி.சி. 248. அங்கே இருப்பது ஆர்.சி. கூப்பர் எதிர் இந்திய ஒன்றியம், அதாவது 14 வங்கிகளை அரசுடைமையாக்கியதை எதிர்த்துப் போட்ட வழக்கு. தொகுதி அதே 1, பக்கம் அதே 248, எதிர்மனுதாரரும் அதே இந்திய ஒன்றியம். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சைபர், அவ்வளவுதான். பார்க்கிறவர் கண்ணுக்குத் தப்பே தெரியாது.

"சரி, கூப்பர் உங்களுக்கு உதவுமா?" என்று அவரே ஒரு வழியும் விட்டார். உதவும். 1950-இல் கோபாலன் வழக்கு அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்த்தது. அந்தப் பார்வையை உடைத்தது கூப்பர், அதன் மேல் ஏறி நின்றது மேனகா. படித்திருந்தால் தப்பையே வாதமாக மாற்றியிருக்கலாம். ஆனால் நான் இரண்டையுமே திறந்து பார்த்ததில்லை. போன வருடத்து அண்ணன் ஒருவரின் மெமோரியலிலிருந்து அடிக்குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். அவர் யாரிடமிருந்து எடுத்தாரோ!

அன்றைக்கு வைத்துக்கொண்ட வழக்கம், நானே திறந்து பார்க்காத தீர்ப்புக்கு அடிக்குறிப்பு போடுவதில்லை என்பது. மீதி எல்லாம் அதிலிருந்து தானாக வரும். இருந்தாலும் நான் தடுக்கி விழுந்த இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அடைப்புக்குறி. எஸ்.சி.சி.-யில் ஒவ்வொரு வருடமும் தொகுதி எண் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் வருடம் அடைப்புக்குள், பிறகு தொகுதி, பக்கம். ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் (ஏ.ஐ.ஆர்.) என்ற இன்னொரு தொகுப்பில் வருடம்தான் தொகுதி. அதனால் அடைப்பு கிடையாது: ஏ.ஐ.ஆர். 1978 எஸ்.சி. 597. இதுவும் அதே மேனகா காந்திதான். நம் ஊரில் வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு போர்டு இருக்குமே, அது மாதிரி. எந்த எண்ணைச் சொன்னாலும் வீடு ஒன்றுதான், ஆனால் பழைய எண்ணைப் புதிய எண் என்று சொன்னால் வேறு வீட்டுக் கதவைத் தட்டுவோம். துணைத் தொகுதிகளில் இது தலைகீழாகும். இந்திரா சாஹ்னி வழக்கு 1992 சப். (3) எஸ்.சி.சி. 217. இங்கே வருடம் வெளியே, எண் உள்ளே. 2023 முதல் உச்ச நீதிமன்றமே ஐ.என்.எஸ்.சி. என்று தீர்ப்புக்கு ஓர் எண் கொடுக்கிறது. புதிய தீர்ப்புகளுக்கு அதையும் சேர்த்துப் போடுங்கள்.

அடுத்தது பத்தி எண். இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஒரே தீர்ப்புக்கு எஸ்.சி.சி.-யில் ஒரு பத்தி எண், ஏ.ஐ.ஆர்.-இல் வேறொன்று இருக்கும். காரணம், பழைய தீர்ப்புகள் பலவற்றில் பத்தி பிரித்து எண் போட்டவர்கள் நீதிபதிகள் அல்ல, பதிப்பாசிரியர்கள். அந்த உழைப்புக்குக் காப்புரிமை உண்டா என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போய், உண்டு என்று தீர்ப்பும் வந்தது: ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக், (2008) 1 எஸ்.சி.சி. 1. ஆக எந்தத் தொகுப்பின் பெயரை எழுதுகிறீர்களோ, பத்தி எண்ணும் அதிலிருந்தே வர வேண்டும். தீர்ப்புக்கு மேலே இருக்கும் தலைக்குறிப்பும் பதிப்பாசிரியர் எழுதியதுதான். அதிலிருந்து ஒரு வரி எடுத்து "நீதிமன்றம் சொன்னது" என்று எழுதினால், நீதிமன்றம் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும்.

கேசவானந்த பாரதி, (1973) 4 எஸ்.சி.சி. 225, என்று மட்டும் எழுதுவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். 13 நீதிபதிகள், 11 தனித்தனித் தீர்ப்புரைகள், முடிவு ஏழுக்கு ஆறு. எந்த நீதிபதி, எந்தப் பத்தி, அவர் பெரும்பான்மையில் இருந்தாரா என்று மூன்றையும் சொன்னால்தான் அது மேற்கோள். புட்டசாமி வழக்கு என்றாலும் எது என்று கேட்பார்கள். தனியுரிமைத் தீர்ப்பு (2017) 10 எஸ்.சி.சி. 1, ஆதார் தீர்ப்பு (2019) 1 எஸ்.சி.சி. 1. முதலாவதில் ஒன்பது நீதிபதிகள், நெருக்கடி நிலைக் காலத்து ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பு இனிச் செல்லாது என்று ஓவர்ரூல் ஆனது அதில்தான். அது தெரியாமல் ஜபல்பூரை இன்னும் நடப்புச் சட்டம் போலக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படிப்பு முடித்து தம்பு செட்டித் தெருவில் ஒரு சேம்பரில் ஜூனியராகச் சேர்ந்த பிறகுதான் தொகுப்பில் வராத தீர்ப்புகளின் தொல்லை புரிந்தது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றுக்கு வழக்கு எண்ணும் தேதியும்தான் அடையாளம். ஒருநாள் சீனியர் கேட்ட உத்தரவை டவுன்லோடு செய்து கொண்டுபோய் வைத்தேன். நிலம் கையகப்படுத்தல் என்று நினைத்துத் திறந்தால், யாரோ ஓர் ஆசிரியரின் பணி உயர்வு. எண் சரி, வருடம் சரி. நான் விட்டது "எம்.டி." என்ற இரண்டு எழுத்து. மதுரைக் கிளையின் ரிட் மனுக்களில் எண்ணுக்கு முன் அது இருக்கும். அங்கே ஒரு வரிசை, சென்னையில் ஒரு வரிசை, எண்கள் ஒன்றாகவே வரும். "மதுரைக்குப் போற பஸ்ஸை பீச்ல தேடினா எப்படிப்பா?" என்றார் சீனியர். திட்டவில்லை. அதனாலேயே மறக்கவில்லை. இன்னொன்று, வழக்கு எண்ணில் இருக்கும் வருடம் மனு பதிவான வருடம். 2014-ஆம் வருட மனுவுக்கு 2021-இல் தீர்ப்பு வரலாம். அதனால் தீர்ப்புத் தேதி கட்டாயம்.

கோர்ட் ஆவணங்களிலும் இதே கதைதான். சிவில் வழக்கில் வாதி தரப்பு ஆவணம் எக்ஸ். (எக்ஸிபிட்) ஏ.1, பிரதிவாதி தரப்பு பி.1 என்று போகும். கிரிமினலில் அரசுத் தரப்பு பி வரிசை, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு டி வரிசை. சிவிலின் B, கிரிமினலின் P இரண்டுமே தமிழில் "பி" ஆகிவிடுவதால் நான் வழக்கின் வகையை முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். சாட்சியம் என்றால் எந்த சாட்சி என்பதோடு முதல் விசாரணையா குறுக்கு விசாரணையா என்றும் சொல்ல வேண்டும். ரிட் மனுவோடு வைக்கும் ஆவணக் கட்டான டைப்டு செட்டில் இருப்பதை எக்ஸிபிட் என்று எழுதாதீர்கள். அது யாரும் குறியீடு செய்த ஆவணம் இல்லை. "டைப்டு செட், பக்கம் 37" என்றால் போதும், நீதிபதி நேராக அங்கே போய்விடுவார்.

சட்டப் பிரிவுகளுக்கு 1.7.2024 ஒரு கோடு. புதிய மூன்று குற்றவியல் சட்டங்களும் அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் (இ.த.ச.) 302 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 103. உயர் நீதிமன்றத்தின் இயல்பான அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-இலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 528-க்குப் போய்விட்டது. ஆனால் பழைய தீர்ப்பை மேற்கோள் காட்டும்போது அதில் இருக்கும் 302-ஐ நீங்களாக 103 என்று மாற்றிவிடக் கூடாது.

செமஸ்டர் தேர்வுக்கு இவ்வளவு மனப்பாடம் வேண்டாம். வழக்கின் பெயர், வருடம், என்ன முடிவானது என்பது போதும். சந்தேகமான பக்க எண்ணை எழுதுவதைவிட விட்டுவிடுவது நல்லது. ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2023-இல் நியூயார்க்கில் அது கற்பனையாகக் கொடுத்த வழக்குகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அவர்களும் திறந்து பார்க்கவில்லை.

இப்போதும் ஃபைலிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் நானும் இன்னொரு ஜூனியரும் டீயோடு உட்காருவோம். அவள் மனுவில் இருக்கும் எண்களை உரக்கப் படிப்பாள், நான் தீர்ப்பைத் திறந்து பெயரைச் சொல்வேன். எழுதியவரே சரிபார்த்தால் கண் தானாகத் திருத்திப் படித்துவிடும். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி வருவோம், ஏனென்றால் ராத்திரி அவசரத்தில் அடித்த பக்கங்கள் அங்கேதான் இருக்கும்.