பரணிலிருந்து இறங்கிய விவிட்டார் 283

பெரியப்பா கும்பகோணத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கல்யாண போட்டோ எடுத்தவர். போன பொங்கலுக்கு அவர் வீட்டுப் பரணை ஒழித்தபோது தகரப் பெட்டி ஒன்றில் இரண்டு பிளாஷ் கிடைத்தன. ஒன்று விவிட்டார் 283, ஜப்பான் தயாரிப்பு. இன்னொன்று நேஷனல். "எடைக்குப் போட்டுடுடா" என்றார். எனக்கு மனசு வரவில்லை, சென்னைக்கு எடுத்து வந்துவிட்டேன்.

283 நான்கு பென்டார்ச் செல்லில் ஓடும். ஐ.எஸ்.ஓ. (பிலிமோ சென்சாரோ வெளிச்சத்தை உணரும் அளவு) 100-இல் அதன் கைடு நம்பர், அதாவது பிளாஷின் சக்தியைச் சொல்லும் எண், அடிக்கணக்கில் 120. அதைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸில் வைக்க வேண்டிய அபெர்ச்சர் (துவார அளவு) கிடைக்கும், பத்து அடி தள்ளி நிற்கிறவரை எஃப் 11 வைத்துத் தாராளமாக எடுக்கலாம். இவ்வளவு வெளிச்சம் தருகிற பொருளை எப்படி எடைக்குப் போடுவது? ஆனால் இதே மாதிரி ஒன்று உங்கள் வீட்டிலும் கிடைத்தால், தயவுசெய்து உடனே செல் போட்டு கேமராவில் மாட்டிப் பார்க்காதீர்கள். நான் எதையெல்லாம் எந்த வரிசையில் செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

செல் போடும் கூண்டை வெளியே இழுத்தபோதே தெரிந்துவிட்டது. என்றோ மறந்துவிட்ட செல்கள் ஒழுகி, ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடைத்ததில் மூன்று முனைகள் பளிச்சென்று ஆகிவிட்டன. நான்காவதில் ஸ்பிரிங் அரித்து உதிர்ந்தது, அதோடு உள்ளே போகிற ஒயரும் கறுத்திருந்தது. ரிச்சி தெருவில் ஸ்பிரிங்கும் நல்ல ஒயரும் வாங்கி வந்து, உடலைப் பிரித்துச் சால்டர் வைத்தேன். அத்தனை வருஷம் கிடந்த பிளாஷ், உள்ளே சார்ஜ் எதுவும் இருக்காது என்று நினைத்தாலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டேன்.

அடுத்தது கெப்பாசிட்டர், பிளாஷ் அடிப்பதற்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பாகம். பழைய பிளாஷில் உயிர்நிலை இதுதான். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்று இருக்கும், மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அந்தப் படலம்தான். பல வருஷம் பயன்படுத்தாமல் கிடந்தால் அது பலவீனமாகிவிடும். அந்த நிலையில் ஒரேயடியாக 300 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் மின்சாரம் கசிந்து, கெப்பாசிட்டர் சூடாகி, சில நேரம் வெடித்தே போகும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் படலம் தானே மறுபடி வளரும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சி கொடுப்பது மாதிரி.

நான் பாதி தீர்ந்த செல்களைப் போட்டு முப்பது விநாடி ஓடவிட்டேன், நிறுத்தினேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி. சார்ஜ் ஏறும்போது வருகிற அந்த "கீ..." என்ற சத்தம் அடித்தொண்டையில் ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலே ஏறுமே, முதல் நாள் அது ஏறவே இல்லை, ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. கசிவு அதிகம் என்று அர்த்தம். இரண்டாம் நாள் கொஞ்சம் ஏறியது. மூன்றாம் நாள் நான்கு நிமிஷம் கழித்து ரெடி விளக்கு மினுக்கென்று எரிந்தது, அறையில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். அப்போதும் பிளாஷை அடிக்கவில்லை, சார்ஜோடு அப்படியே வைத்திருந்து அணைத்தேன்.

அன்றைக்கே நான் வைத்த சால்டர் விட்டுப்போனது. திறக்க வேண்டும், ஆனால் இப்போது உள்ளே 290 வோல்ட் உட்கார்ந்திருக்கிறது. இந்த இடத்தில் அவசரமே கூடாது. இந்த மாதிரி பிளாஷின் கெப்பாசிட்டர் ஏறக்குறைய 1000 மைக்ரோஃபாரட் இருக்கும், கையில் பட்டால் விளையாட்டு இல்லை, உயிருக்கே ஆபத்து. ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனையையும் சேர்த்து "டப்"பென்று ஷார்ட் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது முனையையும் உருக்கும், கெப்பாசிட்டரையும் கெடுக்கும். நான் 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு கால்களிலும் உறை போட்ட ஒயர் சேர்த்து, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முனைகளில் பதினைந்து விநாடி பிடித்தேன். மீட்டர் பூஜ்யத்துக்கு அருகில் வந்தது. சரி, முடிந்தது என்று டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி 9 வோல்ட்! கெப்பாசிட்டருக்கு அந்தக் குணம் உண்டு, காலி செய்தாலும் உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பது கொஞ்ச நேரத்தில் மேலே வரும். அதனால் இரண்டாவது முறையும் இறக்கிவிட்டுத்தான் கை வைத்தேன்.

ஐந்தாம் நாள் புது ரீசார்ஜ் செல் போட்டதும் 12 விநாடியில் விளக்கு எரிந்தது. தொட்டுப் பார்த்தேன், பிளாஷ் உடம்பில் சூடே இல்லை. டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். அறை முழுக்க வெள்ளை.

அப்புறம் டிரிக்கர் வோல்டேஜ், அதாவது பிளாஷை அடிக்கவைக்கும்போது கேமராவின் சுவிட்சுக்கு வந்து சேருகிற வோல்டேஜ். பழைய பிலிம் கேமராவில் ஷட்டர் திறக்கும்போது இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொண்டு பிளாஷை அடிக்கவைக்கும், அவை அதிக வோல்ட்டையும் தாங்கும். இன்றைய கேமராவில் அந்த வேலையைச் செய்வது ஒரு சின்ன எலக்ட்ரானிக் சுவிட்ச். அது எவ்வளவு தாங்க வேண்டும் என்று சொல்கிற ஐ.எஸ்.ஓ. 10330 என்ற தரநிர்ணயம் பேசுவது 24 வோல்ட்டைத்தான். பிளாஷை முழு சார்ஜ் ஏற்றி, மீட்டரின் சிவப்பு முனையை, கேமராவில் செருகுகிற பிளாஷ் காலின் நடுப்புள்ளியிலும் கறுப்பை ஓரத் தகட்டிலும் வைத்தேன். 238 வோல்ட்.

என் கேமரா நிக்கான். அதன் கையேட்டில் ஹாட் ஷூவுக்கு (கேமராமேல் பிளாஷ் மாட்டும் இடம்) 250 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. "238தானே, தைரியமா மாட்டு" என்றான் நண்பன். ஆனால் மீட்டர் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. டிரிக்கர் சர்க்யூட்டுக்கு மின்சாரம் பெரிய ரெசிஸ்டர் வழியாக வருகிறது, மீட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் இழுக்கும். என் மீட்டர் 10 மெகா ஓம். வழியில் ஒரு மெகா ஓம் இருந்தால்கூட உண்மையான வோல்டேஜ் 260-ஐத் தாண்டிவிடும். பிற்காலத்தில் வந்த 283-களில் 10 வோல்ட்டுக்கும் கீழே காட்டுவதும் உண்டு, அதனால் மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாமல் கையில் இருப்பதை அளந்து பாருங்கள்.

நான் ரேடியோ டிரிக்கருக்குப் போய்விட்டேன். கேமராமேல் டிரான்ஸ்மிட்டர், பிளாஷ் காலில் ரிசீவர், நடுவில் ஒயரே இல்லை. நான் வாங்கிய ரிசீவர் 300 வோல்ட் வரை தாங்கும் என்று அதன் குறிப்பில் போட்டிருக்கிறது. போனாலும் ரிசீவர்தான் போகும், கேமரா போகாது. பிளாஷைக் கேமராவிலேயே மாட்ட வேண்டும் என்பவர்களுக்கு வெய்ன் சேஃப் சிங்க் என்ற இடைக்கருவி உண்டு, வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும்.

கடைசியாக ஒரு சிக்கல். ஆட்டோவில் வைத்தாலும் ஒவ்வொரு முறையும் முழுச் சக்தியில் அடித்தது. 283-இன் முன்பக்கத்தில் கழற்றி மாட்டுகிற சென்சார் இருக்கிறது. எதிரே பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை அதுதான் அளக்கும், போதும் என்றதும் தைரிஸ்டர் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் பிளாஷை நிறுத்திவிடும். அந்த சென்சாரின் பின்களில் கறை. ஆல்கஹாலால் துடைத்து நாலைந்து முறை மாட்டிக் கழற்றியதும் சரியாகிவிட்டது. இந்த ஆட்டோ முறைமேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. கேமராவோடு எதுவும் பேசத் தேவையில்லாமல் பிளாஷ் தானே கணக்குப் போடுவதால், எந்தக் கம்பெனி கேமராவோடும் ஒத்துப்போகும். கேமராவை மேனுவலில் வைத்து, டயலில் உள்ள வண்ணம் சொல்கிற அபெர்ச்சரை வைத்தால் போதும். டயலில் ஏ.எஸ்.ஏ. என்று இருக்கும், ஐ.எஸ்.ஓ.வும் அதே எண்தான். ஷட்டரை நான் 1/160-க்கு மேல் கொண்டுபோவதில்லை.

சித்திரையில் பெரியப்பா வந்தபோது கையில் கொடுத்தேன். சுவிட்சைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், சத்தம் ஏறி முடிகிற வரைக்கும் பேசவில்லை. "கூரையைப் பார்த்து அடி, மூஞ்சியைப் பார்த்து அடிக்காதே" என்று பிளாஷ் தலையைக் கூரைப்பக்கம் திருப்பி எங்கள் பாப்பாவை எடுக்கவைத்தார். அந்தப் படம் இப்போது ஹாலில் இருக்கிறது.

நேஷனல் பிளாஷ் பிழைக்கவில்லை. கெப்பாசிட்டர் உப்பி, மேல் மூடி கிழிந்திருந்தது, அதற்குச் சார்ஜ் ஏற்றிப் பார்க்கவே இல்லை. அதன் செனான் குழாயையும் முன்கண்ணாடியையும் கழற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். 283-ஐ மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் ஏற்றி, நாலு முறை அடித்து, செல்களை மறக்காமல் வெளியே எடுத்து வைக்கிறேன்.