செவ்வாய் அந்தோணியார், வியாழன் தர்கா: வடசென்னையில் ஒரு பல்சமய ஆய்வை நடத்திய அனுபவம்

பல்கலைக்கழகம் ஒன்றில் பல்சமய ஆய்வுத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். வடசென்னையில் வெவ்வேறு மதத்தார் சேர்ந்து போகிற வழிபாட்டிடங்களைப் பற்றியது ஆய்வு. கிடைத்ததை அதே தெருக்களுக்குத் திருப்பிக் கொண்டுபோவது அதன் இரண்டாம் பாதி. இது மாதிரி வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

திட்டம் தொடங்கியதுமே எல்லோரும் கேட்டது மேடையைத்தான். மூன்று மதத் தலைவர்களை அழைத்து, பொன்னாடை போர்த்தி, நல்லிணக்கக் கூட்டம் ஒன்று போட்டால் புகைப்படமும் கிடைக்கும், அறிக்கையும் எழுதலாம் என்றார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. செவ்வாய்க்கிழமை பாரிமுனை அர்மேனியன் தெருவில் நின்று பாருங்கள். அந்தோணியாரைக் கும்பிட வரும் கூட்டத்தில் நெற்றியில் குங்குமம் வைத்த பெண்கள் எத்தனை பேர்! அதே தெருவில் 1772-இல் கட்டிய அர்மேனியர் தேவாலயம் இருக்கிறது, கச்சாலீஸ்வரர் கோயிலும் இருக்கிறது. அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிய அதே பெண் வியாழன் மாலை தர்காவுக்கும் போவார். அவருக்குத் தெரிந்தது மேடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. ஆய்வு அவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதில் நான் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

சிக்கல் வந்தது படிவத்தில். நிதி தருகிறவர்கள் கொடுத்த மாதிரிப் படிவத்தில் பெயர், வயது, முகவரிக்கு அடுத்து மதம் என்று ஒரு கட்டம், ஒன்றை மட்டும் டிக் செய்ய வேண்டும். காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா தாளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எழுதிக்கினு போய் இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2020 பிப்ரவரியில் பழைய வண்ணாரப்பேட்டையில் நடந்த போராட்டத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. வீடு வீடாக வந்து மதத்தைக் குறித்துக்கொள்கிறவர்கள் என்றால் கதவு பாதிதான் திறக்கும். இன்னொரு பக்கம், இரண்டு மூன்று இடங்களுக்குப் போகிறவரை ஒரே கட்டத்துக்குள் அடைத்தால் நாங்கள் தேடி வந்த விஷயமே காணாமல் போய்விடும்.

அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, "வாரத்தில் எந்த நாள் எங்கே போவீர்கள், யாரோடு போவீர்கள்?" என்று கேட்க, ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டோம். கையெழுத்துக்குப் பதிலாக வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவு செய்துகொள்ளவும் கேட்டோம். குழு எளிதில் சம்மதிக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டி மருத்துவ ஆய்வுக்கானது என்றாலும் எங்கள் குழு அதைத்தான் அளவுகோலாக வைத்திருந்தது. படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் தரும்போது நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்கிறது அது. நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு பதிவிலும் பேசுகிறவரே தேர்ந்தெடுத்த ஒருவர் சாட்சியாக இருப்பார் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. பக்கத்து வீட்டு அக்காவோ, மகளிர் குழுத் தோழியோ உட்கார்ந்திருந்தால் பேச்சும் தானாக வருகிறது. குழு கெடுபிடி காட்டியதில் ஆய்வுக்கு நன்மைதான்.

அப்புறம் நாட்காட்டி. பல்கலைக்கழகத்துக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. 2025-இல் மார்ச் 2-ஆம் தேதி ரமலான் நோன்பு தொடங்கியது, 5-ஆம் தேதி கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், 12-ஆம் தேதி மாசி மகம். நிதியாண்டு முடிகிற 31-ஆம் தேதியே ரம்ஜான் பெருநாள். அரசுக் கணக்குகளுக்காக அன்று வங்கிகள் திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே அறிவித்தது. பணத்தைச் செலவழித்து யூ.சி., அதாவது நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழ், அனுப்பச் சொல்லி நெருக்கினார்கள். ஆனால் அந்த மாதம் நாங்கள் பேச வேண்டிய ஒருவருக்கும் ஓய்வில்லை. அந்த மக்களோடு உட்கார்ந்து பேசும் கூட்டத்தைத் தள்ளிவைத்து, மீதிப் பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகக் கடிதம் எழுதினோம். பதில் வரத் தாமதமானது, வந்தது.

மே மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் அந்தக் குடும்பங்களின் ஆண்கள் ஊரில் இருப்பார்கள். ஆனால் கையில் காசிருக்காது. அதனால் வந்துபோகும் செலவை அன்றன்றே ரொக்கமாகக் கொடுத்தோம். நேரத்தையும் யோசித்தே வைத்தோம். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து தொடங்கி, சூரியன் மறைந்ததும் வரும் மக்ரிப் தொழுகைக்கு முன் முடிப்பது என்று முடிவானது. சூரியன் மறைந்தபின் சாப்பிடாத சௌகார்பேட்டை ஜைனக் குடும்பங்களுக்கும் அதுவே வசதி. சுண்டலும் எலுமிச்சை சாதமும் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் செய்யச் சொன்னோம். யாரும் தட்டை ஒதுக்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

அன்று மேடை போடவில்லை. ராயபுரத்தில் ஒரு சிறிய கல்யாண மண்டபத்தில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். தொண்டியார்பேட்டையில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபுவைப் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. ராமநாதபுரம் மாவட்டத் தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து 1838-இல் மறைந்த சூஃபி ஞானி அவர். பேட்டையின் பெயரே அவரால் வந்தது என்பார்கள். இந்துப் புலவர்களும் அவரைப் போற்றிப் பாடியிருக்கிறார்கள். திருவொற்றியூர்க்காரர் ஒருவர் உடனே பட்டினத்தார் சமாதியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இருவரும் உலகத்தைத் துறந்தவர்கள், இருவரும் இந்தக் கடற்கரைப் பக்கமே ஒதுங்கியவர்கள். எங்கள் கேள்விப் பட்டியலில் இல்லாத இந்த ஒப்பீடுதான் இப்போது ஆய்வின் ஒரு முழு அத்தியாயம்.

மறுநாள் தெரு நடை. ராயபுரத்தில் 1910-இல் கட்டிய பார்சிக்காரர்களின் அக்கினிக் கோயிலுக்குள் பிற மதத்தார் போக முடியாது. மாணவர்கள் சிலருக்கு ஏமாற்றம். வெளியே நின்றே அதன் வரலாற்றைச் சொன்னோம். எல்லாக் கதவும் நமக்குத் திறக்க வேண்டியதில்லை என்பதையும் பல்சமய ஆய்வு செய்கிறவர்கள் பழகியாக வேண்டும்.

கணக்கு வழக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டீக்கடையில் பில் கேட்காதீர்கள். கையால் எழுதிய வவுச்சரை எந்தத் தொகைவரை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அதைவிட முக்கியம், எழுதியதைப் பேசியவர்களிடம் வாசித்துக் காட்டுவது. வரைவைத் தமிழில் எழுதி, அவரவர் பகுதியை வீட்டிலேயே உட்கார்ந்து வாசித்தோம். பலர் திருத்தினார்கள். ஒரு அம்மா தன் பதிவை முழுக்க எடுத்துவிடச் சொன்னார். மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம், தான் தர்காவுக்குப் போவது சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் பேச்சு வருமோ என்ற பயம். எங்களிடமிருந்த மிக நல்ல பதிவுகளில் அதுவும் ஒன்று. அவர் கண்முன்னாலேயே அழித்தோம். அந்தப் பயத்தையும் ஆய்வு சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், அவரை அடையாளம் காட்டாமல்.

வாசித்துக் காட்டும் வேலைக்கு நிதித் தாளில் எந்தச் செலவுத் தலைப்பும் கிடையாது. இதுவரை களப்பணியாளர்களின் பயணப்படியிலேயே சமாளித்தோம். இரண்டாம் கட்ட விண்ணப்பத்தில் அதற்குத் தனித் தொகை கேட்டிருக்கிறோம். ஒலிப்பதிவுகள் யார் பொறுப்பில், எத்தனை ஆண்டு இருக்கும், அழிக்கச் சொல்ல யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் இனி ஒப்புதல் தாளின் முதல் பக்கத்திலேயே வரும்.