காப்பி அடிக்கும் பிள்ளையின் மனக்கணக்கு

சிங்கப்பூரில் நான் துணைப்பாடம் சொல்லித்தரும் உயர்நிலை மூன்று மாணவன் ஒருவன், காலையில் வேறொரு வகுப்பு எழுதிய கணிதத் தேர்வின் வினாக்கள் இடைவேளைக்குள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும் என்பதைத் தயக்கமே இல்லாமல் சொன்னான். "இது ஏமாத்துறது இல்ல சார், கூட்டாளிக்கு உதவி. அனுப்பலைன்னா என்னை யாரும் சேத்துக்க மாட்டாங்க" என்றான்.

அதை விளையாட்டுப் பேச்சென்று ஒதுக்க என்னால் முடியவில்லை. தவறு செய்யும் இளையர்களில் பலர் நெறியை அறிந்தே இருக்கிறார்கள் என்றும், இந்த ஒருமுறை அது தமக்குப் பொருந்தாது என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள் என்றும் சைக்ஸ், மாட்சா ஆகிய சமூகவியலாளர்கள் 1957-இல் எழுதினார்கள். நண்பர்களுக்காகச் செய்தேன் என்பதும் அவர்கள் குறிப்பிட்ட சமாதானங்களுள் ஒன்று. அதற்கும் முன்னர், 1920களில், ஹார்ட்ஷோர்ன், மே இருவரும் ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பிள்ளைகளைச் சோதித்து, ஓரிடத்தில் நேர்மையாக நடக்கும் பிள்ளையே சூழல் மாறினால் ஏமாற்றக்கூடும் என்று கண்டார்கள். ஆகவே, பிடிபட்ட பிள்ளையை 'வளர்ப்பு சரியில்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

அச்சத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) ஆய்வில், 2015-இல், நன்றாகப் படித்திருந்தும் தேர்வென்றால் மிகுந்த பதற்றம் கொள்வதாகச் சிங்கப்பூர் மாணவர்களில் 76 விழுக்காட்டினர் கூறினர். அந்த ஆய்வை நடத்தும் ஓஇசிடி (OECD) என்ற பொருளியல் அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 55 விழுக்காடுதான். அதற்கு மறு ஆண்டு நடந்த சாதாரண நிலைத் தேர்வில் (உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் 'ஓ' லெவல்), ஒரு துணைப்பாட நிலையத்தின் ஆசிரியர்களே, மாணவர்களின் உடையில் கைப்பேசியும் காதில் தோல்நிறக் கருவியும் மறைத்துவைத்து, வெளியிலிருந்து விடைகளை வாசித்துக்காட்டினார்கள். நிலையத் தலைவருக்குப் பின்னர் நான்காண்டுச் சிறை கிடைத்தது. தேறாவிட்டால் கட்டணம் திருப்பித் தரப்படும் என்ற ஏற்பாட்டின்பேரில் பெரியவர்கள் நடத்திய வணிகம் அது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

அரசு தன் பங்குக்குச் சிலவற்றை மாற்றியிருக்கிறது: தொடக்கநிலை இறுதித் தேர்வில், சக மாணவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் கணக்கிட்ட டி-ஸ்கோர் முறை 2021-இல் போனது, அரையாண்டுத் தேர்வுகளும் நிறுத்தப்பட்டன, 2024 முதல் உயர்நிலை ஒன்றில், மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரித்த விரைவு, வழக்கநிலைப் பிரிவுகள் இல்லை. வீட்டுக்குள்தான் மாற்றம் மெதுவாக வருகிறது. தீபாவளிக்கு வரும் மாமா முதலில் கேட்பதும் மதிப்பெண்ணைத்தான். அடுத்த கேள்வி, பக்கத்து புளோக் பிள்ளை எவ்வளவு எடுத்தது என்பது. மதிப்பெண்ணே இலக்கென்று பிள்ளை உணரும் இடத்தில் ஏமாற்று மிகுவதைக் கல்வி உளவியலாளர்கள் தொடர்ந்து காட்டிவருகிறார்கள். அதனால் என் வகுப்பில் விடைத்தாளைத் திருப்பித் தரும்போது மதிப்பெண்ணைக் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். முதல் பக்கத்தில், எந்தப் படிநிலையில் கணக்கு தடம் மாறியது என்பது மட்டும் இருக்கும். பெற்றோரிடமும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டச் சொல்கிறேன்.