மில்லி வனிலி குறும்படமும் உரிமை வாங்கிய பாடும்

பிறர் குரலுக்கு வாயசைத்துப் புகழ்பெற்ற பாப் இசை ஜோடி மில்லி வனிலி பற்றி ஜெர்மனியில் நாங்கள் எடுத்த குறும்படத்துக்கு ஒருவழியாக எல்லா அனுமதியும் கைக்கு வந்துவிட்டது. நடிகர்கள் கிடைத்தார்கள், நீளச் சடை விக் வாடகைக்குக் கிடைத்தது, படப்பிடிப்பும் நல்லபடியாக முடிந்தது. மாதக்கணக்கில் இழுத்தடித்தது காகித வேலைதான். தயாரிப்பு என் பொறுப்பு என்பதால் அத்தனை கடிதப் போக்குவரத்தும் என் தலையில். உண்மைக் கதையைப் படமாக்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேடையில் ஆடி வாயசைத்தவர்கள் ராப் பிலாட்டஸும் ஃபாப் மோர்வனும். ஸ்டூடியோவில் பாடியவர்கள் பிராட் ஹவல், ஜான் டேவிஸ், சார்ல்ஸ் ஷா முதலானோர். இவர்களையெல்லாம் கோத்தவர் ஜெர்மன் இசைத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன். 1990 பிப்ரவரியில் கிராமி விருது. அதே ஆண்டு நவம்பரில் ஃபாரியனே உண்மையைச் சொல்ல, விருது பறிபோனது. குழுவை எப்படித் துண்டு துண்டாகச் சேர்த்தார்களோ, உரிமைகளும் அப்படியே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. முகம் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது. பாட்டை எழுதியவர்கள் தனி, ஒலிப்பதிவின் சொந்தக்காரர் தனி. "பாட்டுக்கு அனுமதி வாங்கிவிட்டோம்" என்று யாராவது சொன்னால், எந்தத் துண்டுக்கு என்று கேளுங்கள்.

முதல் அலைச்சலே வீண். பாடல்களுக்கான தொகையை வசூலிக்கும் ஓர் அமைப்பின் அலுவலகத்துக்கு நேரில் போனோம். அங்கிருந்தவர் படிவத்தைக் கொடுத்தார், நிரப்பிக் கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார். வாரங்கள் கழித்து ஒரு வரிப் பதில்: படத்தோடு பாட்டை இணைக்கும் உரிமை (சிங்க் உரிமை என்பார்கள்) எங்களிடம் இல்லை, பதிப்பாளரிடம் (பாட்டை எழுதியவர்களின் உரிமையைக் கவனிக்கும் நிறுவனம்) கேளுங்கள். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். குறும்படம் என்று படிவத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தோம். இன்னும் ஆறவில்லை எனக்கு. நீங்கள் முதலில் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சிங்க் உரிமை உங்களிடம் இருக்கிறதா?" இல்லை என்றால் படிவத்தைத் தொடவே வேண்டாம்.

பதிப்பாளர்களிடம் போனபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. நாங்கள் கேட்ட 'கேர்ள் யூ நோ இட்ஸ் ட்ரூ' பாட்டு முதலில் அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த நூமார்க்ஸ் என்ற குழுவுடையது. எழுதியவர்கள் என்று ஐந்து பேர். ஒவ்வொருவர் பங்குக்கும் யார் பொறுப்போ அவர் கையெழுத்துப் போட வேண்டும். சிறு பங்கு வைத்திருப்பவர் பதில் போடாவிட்டாலும் முழுப் பாட்டும் நின்றுபோகும். எங்களுக்கு அதுதான் நடந்தது. நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பியும் ஓர் இடத்திலிருந்து சத்தமே இல்லை. கடைசியில் பாட்டையே மாற்றினோம். மில்லி வனிலியின் இன்னொரு பாட்டான 'பிளேம் இட் ஆன் த ரெயின்' பாட்டை எழுதியவர் டயான் வாரன் ஒருவர்தான். கேட்க வேண்டிய கதவு ஒன்று, பதிலும் சீக்கிரம் வந்தது. திரைக்கதை எழுதும் முன்பே, பாட்டை எத்தனை பேர் எழுதினார்கள் என்று பார்த்துவிடுங்கள். இந்த ஒரு யோசனைக்காகவே இதைப் படித்தது வீண்போகாது.

அப்புறம் மாஸ்டர், அதாவது அந்த அசல் ஒலிப்பதிவு. அதற்குக் கேட்ட தொகை எங்கள் மொத்தச் செலவையும் தாண்டியது. சரி, நாமே பாடிப் பதிவு செய்வோம் என்று முடிவெடுத்தோம். "கவர்தானே (பிறர் பாட்டை நாமே மறுபடி பாடுவது), அனுமதியே வேண்டாம்" என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். அமெரிக்கச் சட்டத்தில் கவர் பாட்டுக்கு இருக்கும் சலுகை வெறும் ஒலிப்பதிவுக்குத்தான். காட்சியோடு சேர்த்த நொடியிலிருந்து பதிப்பாளரின் சிங்க் அனுமதி கட்டாயம். மிச்சமாவது மாஸ்டர் தொகை மட்டுமே.

எங்கள் படத்திலும் நடிகர்கள் வாயசைக்கிறார்கள், இன்னொருவர் பாடியிருக்கிறார். அவர் பெயரை நடிகர்களின் பெயர்களுக்கு அடுத்தபடியாகத் தனி அட்டையில் போட ஒப்பந்தத்திலேயே எழுதினோம். குரல் கொடுத்தவர்களை மறைத்துவைத்த கதையை எடுத்துவிட்டு, நாங்களும் ஒருவரை மறைக்கக் கூடாது. இதில் மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை, பிடிவாதமாக நின்றேன்.

வழக்கறிஞர் கட்டம் பயமுறுத்தினாலும் அதிகம் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு காட்சிக்கும் ஓரத்தில் ஆதாரம் எழுதச் சொன்னார். அப்போதுதான் பிரிஸ்டல் காட்சி இடித்தது. 1989 ஜூலையில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டலில் மேடை நிகழ்ச்சியின் நடுவே, வாயசைக்க ஓடவிட்ட பாட்டு ஒரே வரியில் சிக்கித் திரும்பத் திரும்ப ஓடியதே, அது. எங்கள் முதல் பிரதியில் அங்கேயே அவர்கள் கதை முடிந்ததுபோல் இருந்தது. ஆனால் கிராமி கிடைத்தது அதற்குப் பல மாதங்கள் கழித்து! 1989 இறுதியில் சார்ல்ஸ் ஷா உண்மையை வெளியில் சொல்லிப் பின்வாங்கியதும் நடுவில் வருகிறது. தேதிகளை வரிசையில் வைத்ததும் படமே மாறிவிட்டது. அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தும் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது, மேடையில் அவமானப்பட்டு ஓடுவதைவிட எவ்வளவு கனமான கதை! சிக்கிய பாட்டுக்கு உரிமை இல்லாததால் அந்தக் காட்சியை மேடைக்குப் பின்னாலிருந்து, வரிகள் இல்லாமல், கூட்டத்தின் இரைச்சலோடு மட்டும் எடுத்தோம். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இப்போது அதுதான்.

இறந்தவர்கள் பற்றியும் விசாரியுங்கள். ஜெர்மன் சட்டப்படி ஒருவர் இறந்து 10 ஆண்டுகள் வரை அவர் உருவத்தைப் பயன்படுத்த உறவினர் ஒப்புதல் வேண்டும். பொதுவாழ்வில் இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்தரங்கத்துக்கு அது உதவாது. ராப் இறந்தது 1998இல், ஃபாரியன் இறந்தது 2024 ஜனவரியில். ஆகவே ஃபாரியனை ஸ்டூடியோவிலும் பத்திரிகையாளர் முன்னும் மட்டும் காட்டினோம், வீட்டுக் காட்சி போய்விட்டது. ராப் இறந்து அத்தனை காலமாகிவிட்டாலும் அவர் மதிப்பைக் குலைக்கும் கற்பனைக்கு இடமில்லை என்றார் வழக்கறிஞர். ஃபாப் உயிரோடு இருக்கிறார். அவர் அறைக்குள் பேசியதாக நாங்கள் கற்பனை செய்த வசனங்களை வழக்கறிஞர் அடித்துவிட்டார். அடித்தது நல்லதுதான்.

பழைய செய்திக் காட்சிகளுக்கு நொடிக்கணக்கில் விலை. உண்மை வெளிவந்தபின் ராபும் ஃபாபும் லாஸ் ஏஞ்சலஸில் நடத்திய பத்திரிகையாளர் சந்திப்பை நாங்களே நடித்து எடுத்துக்கொண்டோம்.

கடைசியாக ஒன்று. எங்களுக்குக் கிடைத்தது திரைப்பட விழாக்களுக்கான அனுமதி, விலை குறைவு, காலக்கெடு உண்டு. பிறகு இணையத்திலோ தொலைக்காட்சியிலோ வெளியிட என்ன தொகை என்பதை இப்போதே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படம் பேசப்பட்ட பிறகு கேட்டால் விலை ஏறும். டிரெய்லருக்குத் தனி அனுமதி வேண்டும். எங்கள் டிரெய்லரில் அதனால் பாட்டே இல்லை.