மாத்திரையும் தக்ரதாரையும்

பாலக்காட்டு வைத்தியர் நாடி பிடிப்பதற்கு முன்பே பிரஷர் கருவியின் பட்டையை என் கையில் சுற்றினார். 182/110. "மாத்திரையை யாருங்க நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. பிரஷருக்கு அம்லோடிபின் மாத்திரை ஆரம்பித்த பிறகு கணுக்கால் வீங்கியது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் குழியாக நிற்கும். ஆயுர்வேதத்துக்குத்தான் போகப்போகிறோமே என்று மூன்று வாரம் முன்பே நானாக விட்டுவிட்டேன். பிடரி வலியை வேலை அலுப்பு என்று நினைத்தேன்.

அன்றைக்கே என்னைக் கோயம்புத்தூருக்கு, என் டாக்டரிடம் திருப்பி அனுப்பினார் வைத்தியர். டாக்டர் வீக்கத்தைப் பார்த்துவிட்டு டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் மாற்றிக் கொடுத்தார். மேல் அளவு 150க்குக் கீழே வந்த பிறகுதான் வைத்தியர் சேர்த்துக்கொண்டார். அந்தக் கண்டிப்பில்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஏழு நாள் தக்ரதாரை. கோரைக்கிழங்கு போட்டுக் காய்ச்சிய பாலை உறை ஊற்றிக் கடைந்து, நெல்லிக்காய்க் கஷாயம் கலந்த மோர் அது. மல்லாந்து படுத்தால், தொங்கும் சட்டியின் திரி வழியாக நெற்றியில் விழும். உதவிக்கு இருந்த அக்கா சட்டியை இந்தப் பொட்டுக்கும் அந்தப் பொட்டுக்குமாக மெல்ல ஆட்டிக்கொண்டே இருப்பார். முதல் நாள் குளிர் தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் பாதியிலேயே தூங்கிப்போனேன். முடிந்ததும் தலையைத் துவட்டி உச்சியில் ராஸ்னாதி சூர்ணம் தேய்ப்பார்கள். அப்புறம் கஞ்சியும் பாசிப்பயறும். அம்மா போனதிலிருந்து விடிய விடிய விழித்துக் கிடந்தவள், அங்கே ஒன்பதரைக்கெல்லாம் கண்ணயர்ந்தேன். ஊர் திரும்பும்போது 132/84. அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, தூக்கத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரஷருக்குச் சர்ப்பகந்தா வேர் வாங்கிச் சாப்பிடச் சொல்லி சித்தி போனில் விடாமல் சொன்னார். வைத்தியர் கூடாது என்றுவிட்டார். அதிலிருந்து 1952இல் பிரித்தெடுத்த ரெசர்பின் என்ற மருந்தை இங்கிலீஷ் மருத்துவத்திலேயே பிரஷருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு வீரியமான வேர். மனச்சோர்வையும் கொண்டுவரும். அம்மாவை நினைத்து அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்துத்தான் அவர் மறுத்திருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து, பிரஷர் அளந்து எழுதும் நோட்டில் எண்கள் மறுபடி ஏறின: 138, 144, 148. மாத்திரை தவறவில்லை, ஊறுகாய், அப்பளம் தொடவில்லை. வைத்தியர் நோட்டைப் புரட்டிவிட்டு, "புதுசா என்ன சாப்பிடறீங்க?" என்றார். தொண்டைக் கரகரப்புக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அதிமதுரத்தைத் தினமும் மென்றுகொண்டிருந்தேன். அதை மருந்து என்றே நான் நினைக்கவில்லை! அளவு மீறினால் அது உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும், பிரஷரை ஏற்றும். நிறுத்திய மூன்றாவது வாரம் இறங்கியது. இந்துப்பும் அப்படித்தான். நல்லது என்று தாராளமாகப் போட்டுவந்தேன், அதிலும் இருப்பது சோடியம்தான்.

இப்போது காலையில் காபிக்கு முன்னால், காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுத்தான் அளக்கிறேன். இன்றைக்கு 126/80. டெல்மிசார்டன் தொடர்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் மாத்திரை, கஷாயம், சூர்ணம் எல்லாவற்றின் பெயரும் இருக்கிறது. டாக்டரிடமும் வைத்தியரிடமும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் நீட்டுகிறேன்.